தள்ளின கைக்கு

எங்க வேம்படித்துறைக் கடற்கரையில ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாம என் மோட்டார் கதையைச் சொல்ல முடியாது: காலம்பற கடலுக்கு இறங்குற வள்ளத்தை யாரு கை வச்சு மணல்ல இருந்து தண்ணிக்குத் தள்ளுதாவளோ, அந்தக் கைக்கு, வள்ளம் கரை திரும்பும்போது ஒரு அள்ளு மீன் வச்சாகணும், அவிய கேக்கவும் மாட்டாவ, நாம சொல்லவும் மாட்டோம், தள்ளின கை வந்து நீளும், நாம அள்ளி வைக்கணும், அம்புட்டுதான், அப்பன் பாட்டன் காலத்துல இருந்து இதுக்குச் சாட்சியும் கிடையாது சண்டையும் கிடையாது, ஏன்னா கடல் பாத்துக்கிட்டு இருக்கு. கடல் பாத்துக்கிட்டு இருக்குன்னு நானும் அம்பத்து நாலு வருஷம் நம்புனேன். அது என்னத்தைப் பாத்துச்சோ எனக்குத் தெரியல.

என் பேரு தொபியாஸ். ஒத்தை ஆளு ஓட்டுற சின்ன ஃபைபர் வள்ளம், பெட்ரோல்ல உசுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துற மோட்டார் ஒண்ணு, நண்டு வலை, இதுதான் என் சொத்து. முன்ன ரெண்டு ஆளா இருந்தோம், நானும் என் மகன் டெனிசும். அவன் ஒருநாள், "அப்பா, நான் இனிமே கடலுக்கு வரல, கொச்சிக்குப் போயி வெல்டிங் படிக்கப்போறேன்"னு வள்ளத்துல வச்சே சொன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம், அவன் கையில இருந்த போனைப் பிடுங்கிக் கடல்ல விட்டெறிஞ்சேன், போலே, உன் கொச்சி அந்தா கெடக்கு, முங்கி எடுன்னேன். கரைக்கு வந்தோம், அவன் வலையைக் கழுவிக் காயப்போட்டான், மோட்டாரைத் தோள்ல தூக்கி வீட்டுக்குக் கொண்டாந்து வச்சான், மறுநாள் காலம்பற பஸ்ல ஏறிப் போயிட்டான். ரெண்டு வருஷம் ஒன்பது மாசம். ஒரு போன் இல்ல, ஒரு கடுதாசி இல்ல. அவன் பேரை இந்த வீட்ல எடுக்கக்கூடாதுன்னு என் பொண்டாட்டி பிலோமிட்ட கத்தினவனும் நான்தான், என் போனை ரெண்டு பிளாஸ்டிக் கவருக்குள்ள சுத்திச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு, டவர் கிடைக்கிற தூரத்துக்கு அங்கிட்டு வலையே போடாம இத்தனை நாளும் மீன்பிடிச்ச கிறுக்கனும் நான்தான். அவன் குரலை ஒரு தடவை கேக்கணும். அதைத் தவிர எனக்கு வேற ஆசை கிடையாது.

டெனிசு போன பொறவு என் வள்ளத்தைத் தள்ள ஆள் வர்றது நின்னுபோச்சு. ஒத்தை ஆளு வள்ளம், வந்தா நாலு நண்டு, வராட்டி பாசி, இதுக்கு எவன் கை வைப்பான்? எல்லாவனும் பெரிய வள்ளங்களுக்குப் போயிட்டான். மீன் கூடையை இடுப்புல வச்சுக்கிட்டுக் கிளம்புற பிலோமி, கூடையை மணல்ல இறக்கிட்டு, அவ ஒருத்திதான் தள்ளுவா. நான் வள்ளத்தோட முன்பக்கம் கயித்தைப் பிடிச்சு அலைக்கு நேரா திருப்பிக்கிட்டு நிப்பேன், அவ பின்பக்கம் ரெண்டு கையையும் குடுத்து நெஞ்சால தள்ளுவா.

உயிர்ப்பு ஞாயிறு கழிஞ்ச திங்கக்கிழமைதான் மோட்டார் முதமுதலா மக்கர் பண்ணுச்சு. பிலோமி தள்ளினா, வள்ளம் மிதந்துச்சு, நான் ஏறி மோட்டாரைத் தண்ணிக்குள்ள சாய்ச்சு இறக்கி, கயித்தை இழுத்தேன். ஒரு இருமல் கூட இல்ல. இன்னொரு இழுப்பு. இன்னொண்ணு. முப்பது இழுப்பு இழுத்து, உள்ளங்கை கொப்பளிச்சு, திரும்பிப் பாக்கேன், கரையில கூடையோட போய்க்கிட்டிருந்த பிலோமி நட்ட நடு மணல்ல நின்னா, இடுப்பைத் தொட்டுப் பாத்தா, பொறவு கூடையை அங்கேயே போட்டுட்டு விறுவிறுன்னு ஊருக்குள்ள ஓடினா. வயித்துக்குச் சரியில்ல போலன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

பிலோமியோட தம்பி ஸ்டெல்லஸ்தான் எங்க துறைக்கு மெக்கானிக்கு. அவன் கை வைக்காத மோட்டார் இந்தக் கரையில கிடையாது. வந்தான், மூடியைக் கழத்தினான், பிளக்கை எடுத்துத் துடைச்சு, மோட்டார் உடம்போட ஒட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கயித்தை இழுக்கச் சொன்னான். நீலமா நெருப்பு பறந்துச்சு. "நெருப்பு இருக்கு அத்தான், எண்ணெய்தான் கோளாறு"ன்னான். எண்ணெய் டாங்கியைக் கவுத்துத் தண்ணி இருக்கான்னு பாத்தான், வடிகட்டியைக் கழுவினான், டாங்கி மூடியில காத்துப் போற திருகைத் திறந்து வச்சான், குழாயில இருக்க ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கிப் பாத்தான், கார்புரேட்டரைப் பிரிச்சு ஊதினான், பிலோமி தலைமுடியில ஒண்ணை வாங்கி அந்த ஓட்டைக்குள்ள விட்டு எடுத்தான். வீட்டு முன்னால நீலப் பீப்பாயில தண்ணி நிறைச்சு மோட்டாரை மாட்டி இழுத்தா, முதல் இழுப்புலயே குயில் மாதிரி கூவுது. மறுநாள் கடல்ல வச்சு இழுத்தா, கல்லு. அதுக்கு மறுநாள் கடல்லயும் பிடிக்குது. அதுக்கு மறுநாள் திரும்பக் கல்லு. அடியோட செத்த மோட்டாரைச் சரி பண்ணிரலாம், நெனச்சா சாவேன் நெனச்சா பிழைப்பேன்னு இருக்க மோட்டாரை யாரால சரி பண்ண முடியும்? ஸ்டெல்லஸ் பதினொரு தடவை பிரிச்சான், பதினொரு தடவையும் "இன்னைக்கு நோயைப் பிடிச்சிட்டேன் அத்தான்"னான். நானும் பதினொரு தடவை அவனுக்கு நண்டு அவிச்சுப் போட்டேன்.

அந்த வாரம்தான், பிலோமிக்கு உடம்பு முடியலன்னு, தையக்கடை கஸ்பாரு போற போக்குல வந்து என் வள்ளத்துல கை வச்சான். அன்னைக்கு மோட்டார் பிடிக்கல. நான் இங்க கயித்தை இழுத்த அதே நேரத்துல, கஸ்பாரு வீட்டு வேப்பமரத்தடியில நாலு வருஷமா கோழி அடைஞ்சு கெடந்த ஸ்கூட்டர், ஆள் இல்லாம, சாவி இல்லாம, டாங்கியில சொட்டு பெட்ரோல் இல்லாம, தானா பிடிச்சு, முன்விளக்கைப் போட்டுக்கிட்டு நின்னுச்சாம். கஸ்பாரு பொண்டாட்டி கோழியை எல்லாம் இறக்கிவிட்டுட்டு, சீட்டைத் துடைச்சு, இவன் வந்ததும் "மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரும், வண்டி நிக்கி"ன்னாளாம். அம்புட்டுதான். அதுக்கு அடுத்து மோட்டார் பிடிக்காத அன்னைக்கு மரியநேசம் தள்ளினா, அவ மக நாள் தள்ளிப்போயி வலி வராமக் கெடந்தவ, அந்த நிமிஷமே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து, உச்சிக்குள்ள பொட்டப்புள்ளையைப் பெத்துப்போட்டா. அதுக்கு அடுத்து வார்டு மெம்பரு தள்ளினாரு, ஊர்த் தண்ணித்தொட்டி பம்பு ஓடிச்சு.

ஆக, என் மோட்டார் பிடிக்காத அன்னைக்கு, தள்ளின கைக்காரவிய வீட்ல நின்னுபோன ஏதோ ஒண்ணு பிடிச்சுக்கிடும். அதை ஊரு மூணே நாள்ல கண்டுபிடிச்சு, நாலாம் நாள்ல பழகி, அஞ்சாம் நாள்ல அதுக்குச் சட்டமும் போட்டிருச்சு. அந்தோணியார் சிலை இருக்க கெபிக்கு முன்னால கூட்டம் போட்டிருக்காவ, எனக்கு மட்டும் சொல்லல. ரெண்டு பேரு தள்ளினா யாருக்குப் போகும்னு சண்டை வந்ததால, ஒரு நாளைக்கு ஒரு ஆள்தான் தள்ளணும்னு முடிவு. கோயில் உபதேசியார் வேதமாணிக்கம், போன வருஷத் திருவிழா அசனச் சாப்பாட்டுக்கு அடிச்சதுல மிஞ்சின சிவப்பு டோக்கனை எடுத்து வரிசை நம்பர் போட்டுக் குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை லீவு. நின்னுபோன கடிகாரம், நின்னுபோன மிக்சி, மூணு வருஷமா நின்னுபோன கல்யாணப் பேச்சு, எல்லாத்துக்கும் டோக்கன் உண்டு. நின்னுபோன குடியைத் திரும்ப ஆரம்பிக்கணும்னு ஒருத்தன் வந்து நின்னான், அவனை அவன் மாமியாரே விளக்குமாத்தால அடிச்சுத் தொரத்தினா. ஒரு பொம்பளை மட்டும், எம் புருஷன் மூச்சு நின்னுதானே போச்சு, எனக்கும் ஒரு டோக்கன் தாங்கன்னு கேட்டிருக்கா. ஊரே தலை குனிஞ்சு இருந்துச்சாம், பொறவு உபதேசியார், "தாயி, நின்னது வேற, போனது வேற"ன்னு சொல்லி அவ தலையில கை வச்சு அனுப்பினாராம். இம்புட்டு நியாயமும் பேசத் தெரிஞ்ச ஊருக்கு, மோட்டார்க்காரன்னு ஒருத்தன் இருக்கான், அவன் வயிறுன்னு ஒண்ணு இருக்குன்னு மட்டும் தெரியாமப் போச்சு.

எனக்கு என்ன தெரிஞ்சுதுன்னா, ஒருநாள் காலம்பற வள்ளத்துக்குப் போறேன், இருபது பேரு நிக்காவ. "வாங்க அண்ணாச்சி, ஒரு கை குடுப்போம்"ங்காவ. நான் திகைச்சுப்போயிட்டேன். ரெண்டே முக்கால் வருஷமா நாயும் எட்டிப் பாக்காத வள்ளம், இன்னைக்கு ஊர் கூடித் தேர் இழுக்க வந்த மாதிரி பின்பக்கம் ரெண்டு வரிசையா நிக்கி. ஆம்பளைக, பொம்பளைக, பெரிய வீட்டுக்காரி ஸ்டெபானியா அக்கா முதக்கொண்டு முந்தானையைச் சொருகிக்கிட்டு நிக்கா. முன்பக்கம் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தள்ளினாவ. வள்ளம் நகரவே மாட்டேங்குது. இருபது பேரு ஏலேலங்காவ, முக்குதாவ, முனகுதாவ, ஆனா பிலோமி ஒருத்தி தள்ளின நாளை விட வள்ளம் கனக்கு. எனக்கு வயசாயிருச்சு, இழுக்கத் தெம்பில்லன்னு நெனச்சு, பல்லைக் கடிச்சு இழுத்தேன்.

அன்னைக்கும் மோட்டார் பிடிக்கல. பிடிக்கலன்னதும் கரையில ஒரு பெருமூச்சு. எனக்காக வருத்தப்படுதாவன்னு நெனச்சேன். நடு உச்சியில எப்படியோ பிடிச்சு, போயி, வலையை எடுத்து, ஒரு கூடை நண்டோட சாயங்காலம் கரைக்கு வந்தா, இருபது கையும் நீண்டு நிக்கி. தள்ளின கையாச்சே! ஒவ்வொரு கைக்கும் ஒரு அள்ளு, ஒரு அள்ளுன்னு வச்சேன், கூடையில மிஞ்சினது ரெண்டு கால் ஒடிஞ்ச நண்டு. அதையும் ஸ்டெல்லசுக்கு அவிச்சேன். ராத்திரி சோத்துக்குத் தொட்டுக்க ஊறுகா. ஆனாலும் சொல்லுதேன், அந்த ஊறுகா ருசிச்ச மாதிரி எனக்கு எதுவும் ருசிச்சதில்ல. "பிலோமி, ஊரு நம்மள மறக்கலடி, பாத்தியா? இருபது பேருடி"ன்னேன். அவ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "ஆமா"ன்னா. நிமிந்து பாக்கல.

இப்படியே அஞ்சு வாரம். தினம் இருபது பேரு, தினம் கனக்குற வள்ளம், தினம் உச்சி வரைக்கும் இழுப்பு, தினம் சாயங்காலம் இருபது அள்ளு. உள்ளங்கைக் கொப்பளம் உடைஞ்சு, அதுக்கு மேல கொப்பளிச்சு, சோத்தை உருட்ட முடியாம கரண்டியால தின்னேன். உப்புத் தண்ணி பட்டா உசுரு போயி உசுரு வரும். ஆனா மனசு நெறைஞ்சு கெடந்துச்சு, சவத்தை என்ன சொல்ல.

ஆனி மாசம் பொறந்த ரெண்டாம் நாளு, காலம் தப்பிக் கடல் மேல நல்ல பனி. விடிஞ்சும் விடியாத நேரம், வள்ளத்து உடம்பு பூராவும் பனி பூத்து வெள்ளையா இருந்துச்சு. தள்ளினாவ, மிதந்துச்சு, நான் ஏறி மோட்டாரைச் சாய்ச்சு இறக்கப் பின்பக்கம் குனிஞ்சேன். அப்பத்தான் பாத்தேன். பனி பூத்த அந்தப் பின்பக்கத்துல ரெண்டே ரெண்டு கை பதிஞ்சிருந்துச்சு. இடது கை ஒண்ணு, வலது கை ஒண்ணு, மணிக்கட்டுகிட்ட வளையல் தடம். மத்த இடம் பூராவும் பனி அப்படியே, ஒரு விரல் படாம, வெள்ளையா. இருபது பேரு நின்னாவ, நாப்பது கை நீண்டு இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். முப்பத்தெட்டு கை வள்ளத்தைத் தொடவே இல்ல. ஒரு விரற்கடை தள்ளி வச்சுக்கிட்டு, முனகியிருக்கு.

கயித்தை இழுக்கல நான். இறங்கி, இடுப்பளவு தண்ணியில நடந்து கஸ்பாரு முன்னால போயி நின்னேன்.

"வே கஸ்பாரு, உன் கையைக் காட்டு."

"என்னத்துக்கு அண்ணாச்சி?"

"காட்டுங்கேன்ல."

காட்டினான். பனி ஈரம் துளி இல்ல. காஞ்ச தையக்காரன் கை. பக்கத்துல ஸ்டெபானியா அக்கா கையை முந்தானைக்குள்ள ஒளிச்சா. "இன்னைக்கு எங்க டோக்கன் இல்ல அண்ணாச்சி"ன்னு கஸ்பாரு வாய் தவறிச் சொல்லிட்டான். "என்ன டோக்கன்?"னேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாவ. பொறவு கஸ்பாரு எல்லாத்தையும் சொன்னான், ஸ்கூட்டர்ல இருந்து பம்பு வரைக்கும், அசன டோக்கன்ல இருந்து செத்த மனுசன் வரைக்கும், மழை பெஞ்சுதுன்னு சொல்லுற மாதிரி சாதாரணமா சொன்னான். சொல்லி முடிச்சிட்டு, "உமக்குத் தெரியும்னுதான் நெனச்சோம்"ன்னான். பொய்யி. தெரியும்னு நெனச்சவன் எதுக்கு வே முனகணும்?

எனக்கு வந்த ஆத்திரத்துல கரையில நின்ன ஸ்டெல்லசைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ள வந்தேன். "மாப்ள, உனக்கும் தெரியுமால?"

"அத்தான், விடுங்க, எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். மோட்டாருக்கு என்ன நோயி? இப்ப சொல்லு. பதினொரு நண்டுக்கறி தின்ன வாயால சொல்லு."

அவன் வள்ளத்துல ஏறி, மோட்டார் மூடியைக் கழத்தி, மோட்டாரை நிறுத்துற பொத்தானுக்குப் போற வயரைக் காட்டினான். எங்க துறையில அந்தப் பொத்தானை எவனும் தொட மாட்டான். கடல்ல வச்சு நில்லுன்னு சொன்னா ஒரேயடியா நின்னுரும்னு ஒரு பயம், அதனால எண்ணெயை அடைச்சு தானா அடங்கவிடுவோம். தொடாத பொத்தானோட வயரை எவன் பாப்பான்? அது உரசி உரசித் தோல் உரிஞ்சு, உள்ள செம்புக்கம்பி தெரிஞ்சுது. மோட்டாரைச் சாய்ச்சு இறக்கும்போது அது தாங்கு இரும்புல ஒட்டினா, நெருப்பு அங்கேயே ஓடிப்போகும், பிடிக்காது. ஒட்டாத அன்னைக்குப் பிடிக்கும். பீப்பாயில மோட்டார் நேரா நிக்கும், அதனால எப்பவும் பிடிக்கும்.

"எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் வாரமே."

"அப்பொறம் தினம் சாயங்காலம் வந்து என்னத்தைல பாத்த?"

"ஒட்டியிருக்கான்னு பாத்தேன்"னான். சொல்லிட்டு அழுதான். கூட இருந்து குழி பறிச்சவன் அழுதா நமக்கு இரக்கமோ கோவமோ வரணும்ல, எனக்கு ரெண்டும் வரல.

அவன் பையில இருந்த கறுப்பு டேப்பை எடுத்து, கொப்பளிச்ச கையால நானே அந்த வயரைச் சுத்தினேன், அஞ்சு சுத்து. கரையில இருந்து உபதேசியார், "தொபியாஸ், யோசிச்சுச் செய்யும், வந்தது எல்லாம் திரும்ப நின்னுபோச்சுன்னா?"ன்னு கத்தினாரு. பச்சைப்புள்ளையை எடுத்துட்டு மரியநேசம் ஓடி வந்தா, அண்ணாச்சி வேண்டாம்னா. நான் கயித்தை இழுத்தேன். முதல் இழுப்பு. மோட்டார் பிடிச்சு, கடல் அதிர்ந்துச்சு.

பொறவு அத்தனை பேரும் திரும்பி, செருப்பை விட்டுட்டு, சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஊருக்குள்ள ஓடினாவ, அவனவன் வீட்ல அவனவன் பொருளு நின்னுபோச்சான்னு பாக்க. ஒண்ணும் நிக்கல. ஸ்கூட்டர் நிக்கல, பம்பு நிக்கல, மரியநேசம் பேத்தி மூச்சு முட்ட அழுதுக்கிட்டிருந்தா. வந்தது வந்ததுதான். என்னைய அஞ்சு வாரம் முடமா வச்சிருந்திருக்கவே வேண்டாம், ஒரு நாளு தள்ளி, ஒரு தடவை சொல்லி, தொபியாஸ் இன்னைக்கு ஒரு நாளு மெதுவா போன்னு கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

ஆனா நான் அதைப் பாக்கல. நான் பாத்தது, ஓடின கூட்டத்துல பிலோமியும் ஓடினதை. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா. எங்க வீட்ல என்ன இருக்கு, ஓடிப் பாக்க? எண்ணெயை அடைச்சு, வள்ளத்தை ஸ்டெல்லஸ்ட்ட விட்டுட்டு, வீட்டுக்குப் போனேன்.

அவ அடுப்படியில சுருக்குப்பையில இருந்து போனை எடுத்து வச்சுக்கிட்டு, நெத்தியில ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தா.

"நீ எதுக்குடி ஓடின?"

போனை மடியில வச்சு மூடிக்கிட்டா.

"உனக்கு என்னடி நின்னுச்சு, என்ன பிடிச்சுச்சு?"

"டெனிசு பேசுதான்"ன்னா.

நான் உக்காந்துட்டேன்.

"எத்தனை நாளா?"

"நீரு முதல்ல இழுத்துப் பிடிக்காமப் போச்சே, அந்தத் திங்கக்கிழமையில இருந்து. தினம் பேசுதான். காலம்பற வேலைக்குப் போறதுக்கு முன்ன."

அந்தத் திங்கக்கிழமை, அவ கூடையைப் போட்டுட்டு ஓடினா. நான் வயித்துக்கு முடியலன்னு நெனச்சு சாயங்காலம் அவளுக்குச் சுக்கு தட்டிக் குடுத்தேன். குடிச்சா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சா.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"அவன்தான் அப்பாட்ட சொல்லாதம்மான்னான். சொல்லியிருந்தா நீரு போனைப் பிடுங்குவீரு, ஏசுவீரு, அவன் திரும்ப நிறுத்திருவான். ரெண்டே முக்கால் வருஷம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். எனக்குப் பயமா இருந்துச்சு."

"நான் ஏச மாட்டேன்டி."

"நீரு ஏச மாட்டீரா?"ன்னு கேட்டு என் முகத்தைப் பாத்தா.

பொறவு கேட்டேன், "என்னையப் பத்தி ஒண்ணுமே கேக்கலையா?"

அவ சேலை முந்தானையைத் திருகினா. "கேட்டான். ஸ்டெல்லஸ் ரெண்டாம் வாரம் இங்க இருந்தப்ப போன் வந்துச்சு. மோட்டார் பிடிக்க மாட்டேங்குன்னு நான்தான் பேச்சுவாக்குல சொல்லிட்டேன். உடனே, ‘அம்மா, நிறுத்துற பொத்தான் வயரு தாங்குல உரசும், அதைப் பாக்கச் சொல்லு, அப்பா அதைப் பாக்க மாட்டாரு, அப்பாட்ட சொல்லு’ன்னான்."

"சொல்லுன்னானா?"

"சொல்லுன்னான்."

"ஏன்டி சொல்லல?"

"மோட்டார் சரியாயிட்டா இவன் பேச்சு நின்னுருமோன்னு நெனச்சேன். ஸ்டெல்லஸ்ட்டயும், அத்தான்ட்ட சொல்லாதன்னேன்."

ஊரு பண்ணினதை நான் தாங்கிட்டேன். மச்சினன் பண்ணினதைத் தாங்கிட்டேன். என் மவன் ரெண்டே முக்கால் வருஷம் கழிச்சு எனக்குன்னு ஒரு சொல்லு சொல்லி அனுப்பியிருக்கான், எனக்குன்னு, அப்பாட்ட சொல்லுன்னு சொல்லி அனுப்பியிருக்கான், அதை இவ சேலை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா. நம்ப வச்சுக் கழுத்தை அறுக்கறதுன்னு சொல்லுவாவளே, அந்தக் கத்தி என் வீட்டு அடுப்படியில இருந்திருக்கு. அடிக்கக் கை ஓங்கல, ஏசவும் இல்ல. "நம்பரைத் தா"ன்னு மட்டும் கேட்டேன். "அவனைக் கேக்காம தரமாட்டேன்"ன்னா. அதுவும் நியாயம்தான். எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்கு, எனக்குத்தான் இல்ல.

மறுநாள் காலம்பற வள்ளத்துக்குப் போனேன். ஒருத்தர் இல்ல. மோட்டார் சரியாயிட்டுல்ல, இனி எவன் வருவான்? டீக்கடை முன்னால கஸ்பாரு ஸ்கூட்டரைச் சாய்ச்சுப் போட்டு அதுமேல உக்காந்து என்னையப் பாத்தான், பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டான். நான் மோட்டாரை மாட்டி, மூடியைக் கழத்தி, நேத்து சுத்தின டேப்பை நகத்தால பிச்சு எடுத்தேன். செம்புக்கம்பியைத் தாங்கு இரும்புல நல்லா ஒட்டி, இது சென்மத்துக்கும் பிடிக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்ட பொறவு மூடியைப் போட்டேன். இத்தனை நாளும் நான் முன்பக்கம் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே தவிர, என் வள்ளத்தை நான் ஒரு நாளும் தள்ளினதில்ல. இன்னைக்கு நான் தள்ளுவேன். தள்ளின கைக்குத்தானே? எனக்கும்தான் ஒண்ணு நின்னுபோயி இருக்கு.

அடியில மணலைக் கையால தோண்டி, உருட்டுக்கட்டையை ஒவ்வொண்ணா மாத்தி, முதுகைக் குடுத்து, நெஞ்சைக் குடுத்து, கொப்பளம் உடைஞ்சு ரத்தம் வடிய வடியத் தள்ளினேன். ஒரு சாண், ஒரு முழம். சூரியன் பனை உயரம் வந்துருச்சு. கூடையோட வந்த பிலோமி, கூடையை இறக்கிட்டுக் கிட்ட வந்தா.

"கிட்ட வராத"ன்னேன். "உன் கை இதுல படக்கூடாது."

நின்னுட்டா. வள்ளம் மிதந்துச்சு. ஏறினேன், சட்டைப்பையில இருந்து போனை எடுத்து, ரெண்டு கவரையும் பிரிச்சு, பலகை மேல எனக்கு நேரா வச்சேன். டவர் நாலு கோடு காட்டுச்சு. மோட்டாரைச் சாய்ச்சு இறக்கினேன். டெனிசு, ஒரு வார்த்தை, ஏசினாலும் பரவாயில்லலே, ஒரு வார்த்தைன்னு வாய்விட்டுச் சொல்லி, கயித்தை இழுத்தேன்.

மோட்டார் முதல் இழுப்புலயே பிடிச்சுக்கிடுச்சு.

செம்புக்கம்பி இரும்புல ஒட்டிக் கெடக்கு, நெருப்பு வர வழியே இல்ல, ஆனா ஓடுது. என் ஆயுசுல முதல் தடவையா நிறுத்துற பொத்தானை அமுக்கினேன், நிக்கல. தள்ளின கை வீட்ல நின்னுபோன ஒண்ணு பிடிச்சுக்கிடும், அதானே கணக்கு. எனக்கு நின்னுபோனது மோட்டார்தான்னு அது முடிவு பண்ணிருச்சு. அஞ்சு வாரமா நான் வாய் ஓயாம கேட்டதும் அதைத்தானே. பலகை மேல போன் கம்முனு கெடந்துச்சு. கரையைத் திரும்பிப் பாத்தேன். பிலோமி சுருக்குப்பையில இருந்து போனை எடுத்துக் காதுல வச்சு, காத்து பேச்சைக் கொண்டுபோயிராம கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டே ஊருக்குள்ள நடந்தா.

நான் மோட்டாரை மண்ணெண்ணெய்க்கு மாத்தி விட்டேன். வழக்கமா வலை போடுற இடம் வந்துச்சு, போச்சு. நாலு கோடு மூணாச்சு, ஒண்ணாச்சு, ஒண்ணும் இல்லாமப் போச்சு. அங்க வச்சு வலையை விட்டேன். நல்ல பாடு அன்னைக்கு, கூடை நிறைய நீலக்கால் நண்டு. சாயங்காலம் கரைக்கு வந்தப்ப கை நீட்ட ஒருத்தர் இல்ல. ஆனா வழக்கம் வழக்கம்தானே, கடல் பாத்துக்கிட்டு இருக்குல்ல. தள்ளின கைக்கு வச்சாகணுமேன்னு, வலது கையால ஒரு அள்ளு அள்ளி, என் இடது கையில வச்சேன்.